முதலில் படி, பிறகு தரை: வீட்டுக்கு டைல்ஸும் மாடிப்படிக் கல்லும் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீடு கட்டுகிறவர்கள் பலரும் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்து, ஒட்டியும் முடித்து, கையிருப்பு வற்றிப்போன பிறகுதான் மாடிப்படிக்கு என்ன போடலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கூடத்துக்கு வாங்கிய தந்த நிறப் பளபளப்பு டைல்ஸில் மிஞ்சிய பெட்டிகளை அறுத்துப் படிக்கும் ஒட்டச் சொன்னேன். தரையும் படியும் ஒன்றுபோல் இருக்கும் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், செலவு மிச்சமாகும் என்பதே உண்மையான கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்குள் படிகளின் முன்விளிம்பில் ஏழு இடங்களில் சில்லு பெயர்ந்து, தந்த நிறத்துக்கு அடியிலிருந்த சாம்பல் நிற மண் வெளியே தெரிந்தது. ஐப்பசி மழையில் மொட்டைமாடித் துணிகளை எடுத்துக்கொண்டு ஈரக் காலோடு இறங்கிய என் அம்மா வழுக்கி, கைப்பிடியைப் பற்றியதால் தப்பினார். மறுமாதமே படி டைல்ஸை உடைத்தெடுத்துக் கிரானைட் போட்டோம். உடைப்புக் கூலியும் சேர்ந்து, முதலிலேயே கல் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் கூடுதலாகவே ஆனது.

ஆகவே புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை தலைகீழானது. முதலில் படிக்கு எந்தப் பொருள் என்று முடிவு செய்யுங்கள். தரையை அதற்கு ஏற்பத் தேடுங்கள். தரையில் டைல்ஸின் மேல்முகம் மட்டுமே தெரியும். படியிலோ அதன் விளிம்பும் தெரியும். இறங்கும் கால் அழுந்துவதும் அந்த விளிம்பில்தான். தரைக்கு ஏற்ற வகைகள் கடையில் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். படிக்கு ஏற்றவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

கல் வாங்கும் முன் ஏற்றத்தை அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் தவறவிடுவதும் இதைத்தான். படியில் நாம் மிதிக்கும் கிடைப்பகுதியைக் கொத்தனார்கள் டிரெட் என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் பகுதி ரைசர். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, குடியிருப்பு வீடுகளில் டிரெட்டின் அகலம் குறைந்தது 250 மி.மீ., அதாவது ஏறத்தாழ 10 அங்குலம் இருக்க வேண்டும். ரைசரின் உயரம் 190 மி.மீ., அதாவது ஏழரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் வீடுகளுக்கு ஆறு முதல் ஏழு அங்குல ஏற்றமே வசதியானது. ஆனால் அந்த உயரம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், எல்லாப் படிகளிலும் அது ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டு படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. நடுவில் ஒரு படி அரை அங்குலம் மாறினாலும் தடுக்கிவிடும்.

இந்தச் சீர் கெடுவது பெரும்பாலும் தரை போடும்போதுதான். கான்கிரீட் படிகள் எல்லாம் ஆறரை அங்குல ஏற்றத்தில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டரை அங்குலம் உயர்கிறது. படியின்மீது கலவையும் கல்லும் சேர்ந்து ஒன்றரை அங்குலம்தான் உயர்கிறது. அப்போது முதல் படி ஐந்தரை அங்குலமாகக் குறுகிவிடும், இடையில் உள்ள படிகள் ஆறரை அங்குலமாகவே இருக்கும், கடைசிப் படி ஏழரை அங்குலமாக எழும்பிவிடும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே இரண்டு அங்குல வேறுபாடு! கான்கிரீட் வார்ப்பதற்கான சென்டரிங் பலகை அடிக்கும்போதே தரைக்கு எத்தனை அங்குலம், படிக்கு எத்தனை அங்குலம் என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டால் முதல் படியைச் சற்று உயர்த்தியும் கடைசிப் படியைச் சற்றுத் தாழ்த்தியும் வார்த்துவிடுவார்கள். வார்த்து முடித்துவிட்ட வீடென்றால், தரைக்குக் கலவைக்குப் பதில் பசை வைத்து ஒட்டித் தடிமனைக் குறைக்க முடியுமா, அல்லது கீழிருந்து மேல்வரை படிக்குப் படி கலவையைச் சிறிது சிறிதாகக் கூட்டி வேறுபாட்டைப் பங்கிட முடியுமா என்று பாருங்கள். எதுவானாலும் டைல்ஸ் வாங்குவதற்கு முன் நடக்க வேண்டிய பேச்சு இது.

படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், லாபம் நட்டம் என்று எண்ணினால் லாபத்தில் முடிய வேண்டும் என்று பார்க்கிற குடும்பங்களும் அந்தக் கணக்கைக் கான்கிரீட்டுக்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது. கல் ஒட்டும் கட்டத்தில் பெரியவர் ஒருவர் வந்து எண்ணிப்பார்த்துவிட்டுக் கீழே ஒரு அரைப்படி சேர்க்கச் சொன்ன வீட்டை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிப்பேராவது அந்தப் படியில் தடுக்குகிறார்கள்.

டைல்ஸின் உள்ளே என்ன இருக்கிறது?

கடைக்காரர் சொல்லும் பெயர்கள் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். உடைந்த துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லி அதன் குறுக்கு முகத்தைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். செராமிக் டைல்ஸ் களிமண்ணால் ஆன, நுண்துளைகள் உள்ள உடம்பின்மேல் கண்ணாடிப் பூச்சு ஏற்றியது. சுவருக்கு வரும் வகை நிறைய நீரை உறிஞ்சும். அதைத் தரையில் போடவே கூடாது. விட்ரிஃபைடு டைல்ஸ் மிக அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கப்பட்டது. அதன் நீர் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் குறைவு. டைல்ஸைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் சிறிது தண்ணீர் விட்டுப் பாருங்கள். செராமிக் என்றால் கண்ணெதிரே உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல விட்ரிஃபைடு என்றால் துளி அப்படியே நிற்கும்.

விட்ரிஃபைடிலேயே மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும். டபுள் சார்ஜ் என்பது இரண்டு அடுக்காக அழுத்தியது. மேலே உள்ள நிற அடுக்கு மூன்று, நான்கு மி.மீ. தடிமன் இருக்கும் என்பதால் பல ஆண்டுகள் நடந்தாலும் தேயாது, ஆனால் வடிவங்கள் குறைவு. ஃபுல் பாடி என்பதில் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். ஜி.வி.டி. என்று சொல்லப்படுவது, விட்ரிஃபைடு உடம்பின்மேல் டிஜிட்டல் முறையில் படம் அச்சிட்டு மெல்லிய கண்ணாடிப் பூச்சு கொடுத்தது; பளிங்கு போலவும் தேக்கு போலவும் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் இதுதான். கடையில் கண்ணைப் பறிப்பதும் இதுவே. கூடத்திலும் படுக்கையறையிலும் இதைப் போடுவதில் தவறில்லை. ஆனால் பளபளப்பான ஜி.வி.டி.யின் பூச்சு மெல்லியது என்பதால், தெருவாசலை ஒட்டிய இடத்தில் செருப்பில் வரும் மணல் நாளடைவில் அதில் நுண்ணிய கீறல்களை ஏற்படுத்தும்.

இதே ஜி.வி.டி.யை அறுத்துப் படியில் வைத்தால், அறுத்த முகத்தில் படம் இருக்காது, உள்ளே உள்ள மண் நிறம்தான் இருக்கும். விளிம்பை உருட்டி மெருகேற்றினாலும் அந்த நிறம் மாறாது. நாற்பத்தைந்து பாகையில் சரித்து அறுத்து இரண்டு துண்டுகளைக் கூர்முனையாகச் சேர்ப்பதும் உண்டு. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் கேன் ஒன்று இடித்தால் முனை போய்விடும். டைல்ஸ்தான் படிக்கும் வேண்டும் என்றால் இரண்டே வழிகளைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். ஒன்று ஃபுல் பாடி. மற்றொன்று படிக்கென்றே வரும் ஸ்டெப் டைல்ஸ்: நான்கடி நீளத்தில் ஒரு அடி அகல டிரெட்டும் அதற்கு ஏற்ற ரைசரும் ஜோடியாக வரும், முன்விளிம்பு ஆலையிலேயே உருட்டப்பட்டு, வழுக்காமல் இருக்க வரிப்பள்ளங்களும் இருக்கும். படியின் அகலம் மூன்றரை, நான்கு அடிக்குள் இருந்தால் இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வைத்துவிடலாம்.

படிக்கு எந்தக் கல்?

தமிழ்நாட்டில் படிக்குக் கிரானைட் இவ்வளவு பரவலானதற்குக் காரணம் அதன் கடினத்தன்மை மட்டுமன்று. கல் நமக்கு அருகிலேயே கிடைப்பதும்தான். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கமும், எல்லையைத் தாண்டினால் பெங்களூரை ஒட்டிய ஜிகினியிலும் கல் அறுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கருப்பில் பொற்புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்தும், பழுப்பில் கருமை கலந்த டான் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. கிரானைட்டை எங்கே அறுத்தாலும் உள்ளே அதே நிறம், அதே மணி. விளிம்பை உருட்டி மெருகேற்றினால் மேல்முகமும் விளிம்பும் ஒன்றாகிவிடும். சில்லு பெயர்ந்தாலும் அரைத்துச் சரிசெய்யலாம்.

கல் பட்டறைக்குப் போகும்போது மூன்று காரியங்களை விடாமல் செய்யுங்கள். முதலாவது தடிமன். படிக்கு 16 முதல் 18 மி.மீ. வேண்டும், ஒரு மூலையில் மட்டும் அளக்காமல் நான்கு மூலைகளிலும் அளவுநாடாவை வைத்துப் பாருங்கள். இரண்டாவது நிறம். மங்கலான கருங்கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருகருவென்று விற்பது இந்த வியாபாரத்தில் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லை அழுத்தித் தேய்த்தால், சாயக் கல் துணியில் கறையை விட்டுவிடும்; உண்மையான கருங்கல் விடாது. மூன்றாவது கீறல். கல்லின் முகத்தில் தண்ணீர் தெளித்து, வெயிலில் காயும்போது பாருங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஈரக்கோடு ஒன்று நின்றால் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது. படியில் அந்தத் துண்டு ஒருநாள் பிளக்கும்.

பெரிய பலகைகளைவிட, இரண்டு மூன்று அடி அகலத்தில் வரும் கட்டர் பலகைகள் விலை குறைவாகக் கிடைக்கும். படிக்கு ஒரு அடி அகலத் துண்டுகளே தேவை என்பதால் அவையே போதும். பட்டறைக்காரரே சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மெருகின் வகையும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியதே. வீட்டுக்குள் உள்ள படிக்குப் பாலிஷ் கல் போடலாம், ஆனால் முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு அல்லது மூன்று வரிப்பள்ளங்கள் வெட்டச் சொல்லுங்கள். லெதர் ஃபினிஷ் என்னும் மேடுபள்ளமான மெருகு காலுக்குப் பிடிப்பும் கொடுக்கும், தூசியையும் மறைக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவதற்காக வெளிப்புறமாகப் படி வைத்திருக்கும் வீடுகளில் பாலிஷ் கல்லைத் தொடவே வேண்டாம். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கிரானைட்டைப் போட்டு, ஒவ்வொரு படியையும் முன்பக்கமாக மிகச் சிறிது சரித்து வைத்தால் மழைநீர் தேங்காது.

கருப்புக் கிரானைட் படிக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அந்த நீரால் துடைத்ததும் வெள்ளைத் திட்டுகள் படியும். சாம்பல், பழுப்பு நிறக் கற்களில் அது கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய நிறக் கிரானைட்டுக்கு வேறு சிக்கல்: அது எண்ணெயை உறிஞ்சும். படிக்கடியில் பூசை மாடம் வைத்திருக்கும் வீடுகளில் விளக்கெண்ணெய் சொட்டிய இடம் ஈரம் பட்டதுபோல நிரந்தரமாகக் கறுத்துவிடும்.

மற்றக் கற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடப்பாக் கல் மலிவு, ஆனால் அடுக்கடுக்காகப் பெயரும்; அலமாரித் தட்டுக்கு நல்லது, படியின் விளிம்புக்கு அன்று. ராஜஸ்தானின் கோட்டா கல் காலுக்குக் குளுமை, வழுக்குவதும் குறைவு; பச்சை கலந்த சாம்பல் நிறம் பிடித்தவர்கள் தாராளமாகப் போடலாம். பளிங்கு சுண்ணாம்பு வகை என்பதால் எலுமிச்சையோ புளியோ சிந்தினால் மெருகு போய்விடும். காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துச் செய்யும் கற்கள் கூடத்துக்கு ஈடிணையற்றவை. ஆனால் அவை சூளையில் சுடப்படாதவை, விளிம்பில் உதிரும். ஆத்தங்குடித் தரை போடுகிறவர்கள் படிக்குக் கருங்கல்லையோ தேக்குப் பலகையையோ வைத்து, ரைசரில் மட்டும் ஆத்தங்குடிக் கல்லைப் பதித்தால் இரண்டும் பொருந்திப்போகும்.

தரை: அறைக்கு அறை

படி முடிவானதும் தரைக்கு வாருங்கள். கூடத்துக்கு இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ் இன்றும் பாதுகாப்பான தேர்வு. இரண்டுக்கு நான்கடி வைத்தால் இணைப்புகள் குறைந்து அறை அகன்று தெரியும்; ஆனால் அடித்தளம் மட்டமாக இல்லாவிட்டால் ஒரு மூலை எழும்பி நிற்கும், ஒட்டுபவரும் பழகியவராக இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நான்கடி டைல்ஸ் வைத்தால் அறுத்து வீணாவதே அதிகம்.

அடுக்களைக்குப் பளபளப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரும் சேர்கிற இடம் அது. மேட் எனப்படும் பளபளப்பற்ற மெருகோ, சாட்டின் எனப்படும் மங்கிய பளபளப்போ போதும். குளியலறைத் தரைக்கு ஒன்றுக்கு ஒன்றடி மேட் டைல்ஸே சிறந்தது. தண்ணீர் வடியும் துளையை நோக்கி நாலாபுறமும் சரிவு கொடுக்கச் சிறிய டைல்ஸ்தான் வளைந்துகொடுக்கும். வழுக்காத்தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிப்பார்கள்; எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். உலர்ந்த அறைகளுக்கு ஆர் 9, அடுக்களைக்கு ஆர் 10, குளியலறைக்கும் வெளிப்புறத்துக்கும் ஆர் 11 என்று தேடலாம். கடைக்காரருக்கு அந்த எண் தெரியாவிட்டால், மாதிரி டைல்ஸைக் கீழே வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நில்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், வழுக்கினால் விழப்போவது உங்கள் வீட்டார்தான்.

வாசல் படிக்கும் அதற்கு முன்னுள்ள இடத்துக்கும் சொரசொரப்பான கல்லையே போடுங்கள். கோலமாவு நிற்க வேண்டுமே! மெருகேற்றிய தரையில் இழை விழாது, காற்றில் பறந்துவிடும்.

நிறத்தைப் பொருத்துவது

படியும் தரையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நிறமாக இருந்தால் ஒரு குறையும் உண்டு: மங்கிய வெளிச்சத்தில் படி எங்கே முடிகிறது என்பது வயதானவர்களின் கண்ணுக்குத் தெரியாது. டிரெட்டுக்குக் கருமையான கல், ரைசருக்குத் தரையில் போட்ட அதே டைல்ஸ் என்று நம் ஊர்களில் பரவலாகச் செய்வது செலவிலும் சிக்கனம், பாதுகாப்பிலும் மேல். நிமிர்ந்து நிற்கும் ரைசரில் டைல்ஸின் அறுத்த முகம் டிரெட்டுக்கு அடியில் மறைந்துவிடுவதால், ஜி.வி.டி.யைக்கூட அங்கே தயங்காமல் வைக்கலாம்.

நிறங்களுக்குள் வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தந்தம், சந்தனம், வெண்ணெய் போன்ற மஞ்சள் சாயலுள்ள தரைக்கு டான் பிரவுன் போன்ற பழுப்புக் கற்கள் ஒத்துப்போகும். அங்கே ஸ்டீல் கிரே என்னும் சாம்பல் நிறக் கிரானைட்டை வைத்தால் தரை அழுக்காகத் தெரியும். தூய வெள்ளை, சிமெண்ட் சாம்பல் தரைக்கு ஸ்டீல் கிரேயோ கருப்போ சரியாக இருக்கும். தேக்கு நிலையும் கதவும் உள்ள வீடு ஏற்கெனவே பாதி வெதுவெதுப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கல் துண்டு ஒன்றையும் டைல்ஸ் ஒன்றையும் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்து, படி தொடங்கும் இடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். கடையின் வெள்ளை விளக்குகளுக்கு அடியில் எல்லாமே பொருந்தும்.

படியையும் தரையையும் இணைக்க இன்னோர் எளிய உத்தி, படிக்கு எடுத்த அதே கல்லை அறைகளின் வாசல் பட்டிக்கும் சன்னல் அடிப்பலகைக்கும் முடிந்தால் அடுக்களை மேடைக்கும் சேர்த்து வாங்குவது. ஒரே லாட்டில் எடுத்தால் நிறம் மாறாது. படியின் கல் வீட்டின் நாலு இடங்களில் கண்ணில் படும்போது அது தனித்து நிற்பதாகத் தோன்றாது.

அளவும் கணக்கும்

இரண்டுக்கு இரண்டடி என்று சொல்லப்படும் டைல்ஸ் உண்மையில் 600 மி.மீ. சதுரம், அதன் பரப்பு நான்கு சதுர அடி அன்று, சுமார் 3.87 சதுர அடிதான். நான்கு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி என்பார்கள். நிகரப் பரப்பு 15.5. ஆயிரம் சதுர அடித் தரைக்குச் சேதாரம் ஏழு சதவீதம் சேர்த்தால் 1,070 சதுர அடி. பதினாறால் வகுத்தால் 67 பெட்டிகள், பதினைந்தரையால் வகுத்தால் 70 பெட்டிகள். அந்த மூன்று பெட்டிகள் குறையும்போதுதான் மறுபடி கடைக்கு ஓடுகிறோம். அப்போது அதே மாடல் கிடைக்கும், அதே ஷேடு கிடைக்காது. பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருக்கும். லோடு இறங்கும்போதே எல்லாப் பெட்டிகளிலும் அவை ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரீமியம் என்று விலை பேசிய சரக்கில் ஸ்டாண்டர்டு தரம் கலந்திருக்கிறதா என்பதும் அதே இடத்தில் தெரிந்துவிடும்.

சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டியை மறந்துவிடாதீர்கள். இரண்டடி டைல்ஸ் ஒன்றை அறுத்தால் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஆறு பட்டிகள், அதாவது பன்னிரண்டடி நீளம் கிடைக்கும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையின் சுற்றளவு 52 அடி. கதவுக்கு மூன்றடி கழித்தால் 49. ஆக, அந்த அறைக்கு மட்டும் ஐந்து டைல்ஸ்.

படிக்கான கணக்கு வேறு. பத்தடி உயரத்தைப் பதினெட்டு ஏற்றங்களாகப் பிரித்து, நடுவில் ஒரு லேண்டிங்கோடு, அதாவது இடைத்தட்டோடு, திரும்பும் மூன்றரை அடி அகலப் படியை எடுத்துக்கொள்வோம். பதினெட்டில் ஓர் ஏற்றம் லேண்டிங்கிலும் ஓர் ஏற்றம் மேல்தளத்திலும் முடிவதால் டிரெட்கள் பதினாறு, மேல்தளத்தின் விளிம்புக்கு ஒரு அடி அகலத்தில் ஒரு கல் பட்டி வேண்டும், அதையும் சேர்த்தால் பதினேழு. இந்தப் பதினேழாவது துண்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மறந்தால் கடைசிப் படியின் விளிம்பில் டைல்ஸின் அறுத்த முகம் பல்லிளிக்கும். ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம் என்று கொண்டால் 59.5 சதுர அடி. ரைசர்கள் பதினெட்டு, அரையடி உயரத்தில் 31.5 சதுர அடி. லேண்டிங் ஏழுக்கு மூன்றரை, 24.5 சதுர அடி. மொத்தம் 115.5, சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 127 சதுர அடி. விளிம்பு உருட்டுவதற்கு அடிக்கணக்கில் தனிக் கூலி உண்டு. லேண்டிங்கின் விளிம்பையும் சேர்த்துப் பதினெட்டு விளிம்புகளுக்கு 63 அடி. கல்லின் விலையை மட்டும் பேசிவிட்டு வருகிறவர்களுக்குக் கடைசிப் பில்லில் அதிர்ச்சி தருவது இந்த உருட்டுக் கூலியும் வரிப்பள்ளக் கூலியும்தான்.

ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை உறிஞ்சாது என்பதே அதன் பெருமை. சிமெண்ட் பால் அதில் பிடிக்காமல் போவதற்கும் அதுவே காரணம். அதனால் டைல்ஸ் பசையைப் பயன்படுத்துங்கள், பையில் ஐ.எஸ். 15477 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பல்கரண்டியால் பசையைத் தரை முழுவதும் சீராக இழுத்த பிறகே டைல்ஸை வைக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவது வேகமான வேலைதான். ஆனால் இடையில் வெற்றிடம் நின்றுவிடும், அம்மிக்குழவி ஒன்று கை தவறி விழுந்தால் அந்த இடம்தான் உடையும். டைல்ஸ்களுக்கு இடையே இரண்டு மி.மீ. ஸ்பேசராவது வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிப்போட்டால்தான் அழகு என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் தரை விரியும்போது டைல்ஸ் கூடாரம்போல் எழும்பினால் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். மரம் போன்ற நீள டைல்ஸை செங்கல் வரிசைபோல் மாற்றி வைக்கும்போது பாதிக்குப் பாதி வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். நீள டைல்ஸ் நடுவில் மிக இலேசாக வளைந்திருக்கும். பாதியில் சேர்த்தால் ஒன்றின் மேடும் மற்றொன்றின் தாழ்வும் அருகருகே வந்து காலில் தட்டும்.

படியில் கீழிருந்து மேலாக வேலை போகட்டும்: முதலில் ரைசர், அதன் தலைமேல் டிரெட், அந்த டிரெட்டின் பின்பகுதியில் அடுத்த ரைசர். டிரெட் ரைசரைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும்; இரண்டு அங்குலம் விட்டால் ஏறும்போது கால் நுனி மாட்டும். மூன்றரை அடி நீளக் கல் ஏறத்தாழ 16 கிலோ எடை இருக்கும். அது தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும் என்று விட்டுவிடாமல், முன்விளிம்புக்கு அடிவரை கலவை நிரம்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வைத்த மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் கணீரென்று கெட்டியான ஒலி வர வேண்டும். காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால், கலவை இறுகும் முன்பே அந்தக் கல்லை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாட்களுக்கு யாரும் ஏறக் கூடாது. மேல்தளத்தின் பூச்சு, பிளம்பிங் வேலைகள் முடியும்வரை படிக்குக் கல் வைப்பதையே தள்ளிப்போடுவது இன்னும் நல்லது, ஏனெனில் கலவைச் சட்டியும் மணல் மூட்டையும் ஏறுவது அந்தப் படியில்தான்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசாக்கும் ஆசை வரும். இரண்டு பெட்டித் தரை டைல்ஸும் ஒரு டிரெட் கல்லும் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த மாடலை ஆலையே நிறுத்திவிடும். பெட்டியின் அட்டை கரையான் அரித்துப்போகும் என்பதால், மாடல் பெயரையும் ஷேடு எண்ணையும் டைல்ஸின் முதுகிலேயே மார்க்கரால் எழுதி, பரணில் படுக்க வைக்காமல் மாடிப்படிக்கு அடியில் சுவரோடு சாய்த்து நிறுத்தி வையுங்கள்.